இரண்டு சாண் ஈரம்

உலகம் சூடாகிக்கொண்டிருக்கிறது என்ற செய்தியைச் சந்தனம்மாள் முதன்முதலாகக் கேட்டபோது குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதம். வெளியே தார் ரோடு இளகிச் செருப்பில் ஒட்டியது. உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, காலநிலை மாற்றத்தைப் பற்றி நாலு மணி நேரம் பேசினார்கள். கூவலேந்தலிலிருந்து வேனில் ஏற்றி வந்த பதினாறு மானாவாரி விவசாயிகளும் துண்டையும் முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, சோறு எப்போது போடுவார்கள் என்பதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தார்கள். வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை கொடுத்தார்கள். அதற்குள் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று ஒரு நோட்டீஸ் இருந்தது.

வேன் பிடித்தவர் மருதுபாண்டி. கூவலேந்தல் காலநிலை மீட்புப் பேரியக்கத்தின் நிறுவனர், தலைவர், பொதுச்செயலாளர். பேரியக்கத்தில் மொத்தம் மூன்று பேர்: அவர், அவருடைய மச்சினன், திருச்சுழியில் ஃபிளக்ஸ் அடித்துக்கொடுக்கிறவர். வருஷத்துக்கு ஐநூறு கன்று வீதம் பத்து வருஷமாக மரம் நடுகிறார். கணக்குப்படி அந்த ஊர் இந்நேரம் காடாகியிருக்க வேண்டும். ஆனால் வருஷா வருஷம் கன்றுதான் புதுசு, குழி அதே குழி. நியாயப்படி பார்த்தால் அவர் வாங்குகிற விருதெல்லாம் அந்தக் குழிகளுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பேச வந்தவர் ஒல்லியாக ஓர் அதிகாரி. பந்தி ஆரம்பித்துவிட்டதால் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. சந்தனம்மாள் மட்டும் நாற்காலிகளின் நடு வரிசையில் மாட்டிக்கொண்டு, எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிச்ச புகை பூமியைக் கம்பளி மாதிரிப் போத்தியிருக்கு. கடல் சூடாகுது. அதனால மழை பழைய தேதிக்கு வராம போகலாம். நாப்பது நாள்ல பெய்யிறது நாலு நாள்ல கொட்டலாம். நடுவுல வாரக்கணக்கா காயலாம்" என்றார் அவர்.

சந்தனம்மாளிடம் காரும் இல்லை, ஏசியும் இல்லை. அவள் வீட்டிலிருந்து வானத்துக்குப் போகிற புகை என்றால் அடுப்புப் புகையும், புருஷன் பால்ச்சாமியின் பீடிப் புகையும்தான். யாரோ போர்த்திய கம்பளிக்குத் தன் புஞ்சை ஏன் வேர்க்க வேண்டும் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் 'பழைய தேதிக்கு வராம போகலாம்' என்றதை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

கூவலேந்தலில் தனியாக யாரும் விதைப்பதில்லை. கரிசல் காட்டுக்கு வேலி கிடையாது. ஒருவன் மட்டும் விதைத்தால் ஊரில் உள்ள குருவி, பன்றி, ஆடு எல்லாம் அவன் புஞ்சையில்தான் பந்தி போடும். அதனால் புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். மறுநாள் எல்லாரும் ஒன்றாக விதைப்பார்கள். அன்றிலிருந்து காட்டுக்குள் ஆடு இறங்கக்கூடாது. அறுப்பு முடிந்த பிறகு 'காடு தொறந்தாச்சு' என்று கோயில் மைக்கில் சொல்வார்கள். ஆடுகள் இறங்கும். நல்ல ஏற்பாடுதான். மழையோடு மட்டும் யாரும் கலந்துபேசவில்லை.

நாலு வருஷமாகப் புரட்டாசி முதல் மழை முளைக்கிற அளவுக்கு நனைத்துவிட்டு மூன்று வாரம் தலைமறைவாகிக்கொண்டிருந்தது. பயிர் கருகியது. ஊர் முதல் வருஷம் விதைக் கம்பெனியைத் திட்டியது. இரண்டாம் வருஷம் டிராக்டர்காரனை. மூன்றாம் வருஷம் கண்ணேறு. நாலாம் வருஷம் காளியம்மனுக்குக் கும்பாபிஷேகம் நடத்தாத குற்றம். தேதியைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் புரட்டாசியிலும் ஒரு சாயங்காலம் மழை கொட்டியது. ஊர் கூடியது.

"நாளைக்கு ஆறு மணிக்கு நல்ல நேரம். டிராக்டருக்குச் சொல்லியாச்சு. இந்த வருசமும் மக்காச்சோளந்தான்" என்று அறிவித்தார் ஊர்க்கூட்டத்துக்கும் தலைவரான மருதுபாண்டி.

சந்தனம்மாள் எழுந்தாள். மருதுபாண்டி அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன், முறைக்குக் கொழுந்தன். ஆகவே கேலி பேச அவளுக்குப் பிறப்புரிமை போன்ற ஒன்று இருந்தது.

"கொழுந்தனாரே, மண்ணைத் தோண்டிப் பாத்தீகளா?"

"எதுக்குத் தோண்டணும் மதினி? எங்க வீட்டு வாசல்ல கணுக்கால் தண்ணி நிக்குது."

"ஒங்க வாசலு சிமெண்டு. நிக்கத்தான் செய்யும். வெதையை வாசல்லயா போடப் போறீக?"

கூட்டம் சிரித்தது. அவள் கையோடு கொண்டுவந்திருந்த கடப்பாரையைக் காட்டினாள். நுனியில் ஒரு சாண் உயரத்துக்குத்தான் ஈரமண் ஒட்டியிருந்தது.

"எங்க புஞ்சையில நாலு எடத்துல குத்திட்டு வாரேன். ஒரு சாணுக்குக் கீழ கல்லு மாதிரிக் கெடக்கு. ரெண்டு சாண் ஈரம் இல்லாம வெதைச்சா முளைக்கும். வேரு கீழ எறங்கிப் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு கருகிப்போகும். நாலு வருசமா அதான நடக்குது? அடுத்த மழைக்குப் பொறுப்போம்."

"அப்ப ஊரு புரட்டாசியில வெதைக்கணுமா, ஒங்க கடப்பாரை சொல்றப்ப வெதைக்கணுமா?" என்றார் மருதுபாண்டி. இந்த முறை கூட்டம் அவர் பக்கம் நின்று சிரித்தது.

பால்ச்சாமி மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "இந்தா, வீட்டுக்கு வா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். ரெண்டு ஏக்கரும் நம்ம ஏக்கரு. நான் வெதைக்கலை."

மறுநாள் ஊர் விதைத்தது. ஐந்தாம் நாள் பச்சை தட்டியது. சந்தனம்மாளின் இரண்டு ஏக்கர் மட்டும் கறுப்பாகக் கிடந்தது, கல்யாண வீட்டில் குளிக்காமல் வந்து நிற்கிறவனைப் போல. பால்ச்சாமி டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அதனால் வீட்டுச் சீனிதான் செலவானது.

பிறகு வெயில் வந்தது. ஐப்பசி வெயில் மாதிரி இல்லை, சித்திரையிடம் இரவல் வாங்கி வந்த வெயில். இருபத்துமூன்று நாள். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வரும் முன்பே முறுகிச் சருகாகியது. இருபத்துநாலாம் நாள் ஆரம்பித்த மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கண்மாய்க் கரை உடைந்தது. வெயிலுக்குத் தப்பிய பயிர் தண்ணீரில் அழுகியது.

தண்ணீர் வடிந்து, கால் வைத்தால் புதையாத பதத்துக்கு மண் வந்த அன்று சந்தனம்மாள் கடப்பாரையை ஊன்றினாள். அது அவள் கையைக் கேட்காமல் இரண்டு சாணுக்கு மேல் இறங்கியது. வீட்டில் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுவைத்திருந்த குதிரைவாலி விதையை எடுத்து விதைத்தாள். கார்த்திகை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கார்த்திகையில் விதைக்கிற ஆளைக் கூவலேந்தல் அன்றுதான் பார்த்தது.

நூற்றெண்பது ஆடு வைத்திருக்கும் காளிராஜ் வரப்பில் நின்று கேட்டான்: "யக்கா, இது எங்க ஆடுகளுக்கா?"

"ஒங்க ஆட்டுக்குத்தான் தலைவரு வருசா வருசம் மரம் நடுறாருல்ல, அது பத்தலையா?"

கேலி அதோடு நிற்கவில்லை. மார்கழியில் குதிரைவாலி இடுப்புக்கு வந்தபோது ஊர் மறுபடி கூடியது. காட்டில் காக்க எதுவும் இல்லை, ஆடுகளோ எலும்பும் தோலுமாக நிற்கின்றன, ஆகவே தை முதல் தேதியே காட்டைத் திறந்துவிடலாம் என்று பேச்சு வந்தது.

"காக்க ஒண்ணும் இல்லையா? என் புஞ்சை கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் சந்தனம்மாள். "இன்னும் கதிரு பால் பிடிக்கலை. மாசி பதினஞ்சு வரைக்கும் பொறுங்க."

"ஒரு ஆளுக்காக ஊரு காவல் காக்க முடியாது மதினி" என்றார் மருதுபாண்டி. "ஊரோட சேந்து வெதைச்சா ஊரு காக்கும். தனியா வெதைச்சீகள்ல, தனியாக் காத்துக்கிடுங்க."

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அது அவளுக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். அவளே இருபத்தைந்து வருஷமாகக் கைதூக்கி ஆதரித்த கட்டுப்பாடு.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி வெட்டிப் புஞ்சையைச் சுற்றிப் போட்டார்கள். பால்ச்சாமியின் உள்ளங்கையெல்லாம் ரத்தம். "இந்த முள்ளு ஆட்டுக்கு ஊறுகா மாதிரி. நெத்துக் காயைத் தின்னுட்டு உள்ள வந்துரும்" என்றார். ஆனால் வெட்டுவதை நிறுத்தவில்லை. வேலை முடிந்து வரப்பில் உட்கார்ந்தவர், பச்சையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊரு பூராச் சருகு. நம்மளது மட்டும் நிக்குது பாரு" என்றார். நாலு மாதத்தில் அவர் முகம் அப்படி நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை. இன்னும் நாலே நாளில் தை பிறந்து நூற்றெண்பது ஆடு இறங்கினால் அந்த முகம் என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் மருதுபாண்டி வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, ஆனால் அதற்கேற்ற முகம் இல்லை.

"மதினி, ஒரு சின்ன விசயம். சென்னையில இருந்து நாளைக்கு வாராக. 'பசுமைச் சுடர்' விருதுக்கு நம்ம பேரியக்கத்தை எடுத்துருக்காக. நேர்ல வந்து பாக்கணுமாம்."

"வரட்டும். அந்தக் குழிகளைக் காட்டுங்க. பத்து வருசமா வாடாம நிக்குது."

அவர் தலையைச் சொறிந்தார். "பச்சையாக் காட்டுறதுக்கு ஊருலயே ஒங்க புஞ்சை மட்டுந்தான் இருக்கு."

"அதைத்தான ஆட்டுக்கு விட்டீக?"

"ஒரு போட்டோ எடுத்துக்கிடுறோம் மதினி. ஓரமா ஒரு ஃபிளக்ஸ்."

சந்தனம்மாள் அவரை நிற்கவைத்தே வாசலைப் பெருக்கி முடித்தாள். பிறகு சொன்னாள்: "என் புஞ்சைப் பக்கம் மாசி பதினஞ்சு வரைக்கும் ஆடு வரக்கூடாது. மிச்சக் காட்டை இன்னைக்கே தொறந்துவிடுங்க. அந்த ஆடுக என்ன பாவம் செஞ்சது? இன்னொண்ணு, அடுத்த வருசம் வெதைக்கிற நாளைக் காலண்டர் சொல்லக்கூடாது, கடப்பாரை சொல்லணும். ரெண்டையும் மைக்குல சொல்லிட்டு ஃபிளக்ஸைக் கட்டுங்க."

"அந்த ரெண்டாவதையும் மைக்குலயா?"

"வேணும்னா அதையும் ஃபிளக்ஸா அடிங்க."

பத்து நிமிஷத்தில் கோயில் மைக் கரகரத்தது. தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி மருதுபாண்டி இரண்டையும் சொன்னார். பால்ச்சாமி அன்று டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தார்.

மறுநாள் சென்னையிலிருந்து ரோஷினி என்ற பெண் வந்தாள். மருதுபாண்டி அவளைச் சந்தனம்மாளின் வரப்பில் நிறுத்தி, இயக்கத்தின் தொலைநோக்கைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எப்ப விதைச்சீங்க சார்?" என்றாள்.

"புரட்டாசி முதல் மழைக்கு."

"குதிரைவாலிக்குத் தொண்ணூறு நாள்தானே? அப்படின்னா இந்நேரம் அறுத்திருக்கணுமே?"

மருதுபாண்டி வானத்தைப் பார்த்தார். அவரது தொலைநோக்கில் இந்தக் கேள்வி இல்லை. குருவி விரட்டிக்கொண்டிருந்த சந்தனம்மாள் வரப்பேறி வந்து, விதைத்த நாளையும் அதற்கான காரணத்தையும் சொன்னாள். ரோஷினி செருப்பைக் கழற்றிவிட்டுப் புஞ்சைக்குள் இறங்கினாள். கடப்பாரையை வாங்கித் தானே குத்திப் பார்த்தாள். நுனி மண்ணைப் பிசைந்து பார்த்தாள்.

"இதெல்லாம் யாரும்மா சொன்னா?"

"ஒரு ஆபீஸரு சொன்னாரு. ஏசியில நடுங்கிக்கிட்டே கேட்டேன். அவரு சொன்னது சரியான்னு இந்த மண்ணைக் கேட்டேன். சரின்னுச்சு."

விருது மருதுபாண்டிக்குத்தான் கிடைத்தது. உலகம் ஒரேயடியாகத் திருந்திவிடாது. ஆனால் விருதுப் படத்தில் அவருக்குப் பின்னால் நின்றது சந்தனம்மாளின் பச்சை. மாசி பதினாலில் அவள் அறுத்தாள். பன்னிரண்டு மூட்டை. அதுவரை அவள் எல்லையில் கம்போடு நின்று தன் ஆட்டைத் தானே விரட்டியவன் காளிராஜ். அறுத்த மறுநாள் புஞ்சையில் மிஞ்சும் அடித்தாளுக்கு முதல் உரிமை அவன் ஆடுகளுக்கு என்று அவள் சொல்லியிருந்தாள். ஊரில் இருபத்தேழு வீட்டுக்காரர்கள் விதை கேட்டு வந்தார்கள். சிரித்தவர்களுக்கும் படியைத் தலைதட்டாமல் குவித்து அளந்தாள்.

அடுத்த புரட்டாசியில் முதல் மழை விழுந்த மறுநாள் காலை, கோயிலடியில் ஆறு டிராக்டர் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. முன்னால் மருதுபாண்டி, தோளில் புத்தம் புதுக் கடப்பாரை. கைப்பிடியில் பேரியக்கத்தின் பெயர்கூட எழுதியிருந்தது. ஊர் முழுக்கச் சந்தனம்மாளுக்காகக் காத்திருந்தது.

அவள் தன் பழைய கடப்பாரையோடு வந்தாள். "மொதல்ல எஞ்சினை அணைங்கய்யா. சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குப் புகை? ஏற்கெனவே போத்துன கம்பளி பத்தாதா?"

ஆறும் அணைந்தன. அவள் முதல் புஞ்சையில் குத்தினாள், பிறகு நடுப்புஞ்சையில், பிறகு கண்மாய்க் கரையோரம். ஒவ்வொரு தடவையும் நுனியை எல்லாருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்டிவிட்டுச் சாணால் அளந்தாள். ஒரு சாணும் நாலு விரலும்.

"இன்னைக்கு இல்ல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. காளிராஜ் ஆடுகளை மறுபடி காட்டுக்குள் திருப்பினான். ஆறு டிராக்டரும் வந்த வழியே திரும்பின. மருதுபாண்டி கோயிலடிக்கு வந்து மைக்கை எடுத்து, "கடப்பாரை இன்னைக்கு இல்லைன்னு சொல்லிருச்சு" என்று அறிவித்தார்.

பின்னாலிருந்து பால்ச்சாமி குரல் கொடுத்தார்: "ஏலே மருது, கடப்பாரை இல்லலே. எம் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லு."

மருதுபாண்டி மறுபடி மைக்கை எடுத்தார்.