இடப்பக்கம் இழுக்கும் ஜீப்

ஜீப்பில் ஏற மாமனாருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிசியோதெரபிக்குப் போய்வருகிறவர் அவர். மகன் ஜீப்பைத் தூக்கிக் கட்டிப் பெரிய டயர் மாட்டிய நாளிலிருந்து ஸ்டூலும் கூடவே பயணம் செய்கிறது. அடுத்த தடவை ஏணியே வாங்கிவிடு என்பார் மருமகளிடம், மகன் காதில் விழும்படி.

ஏறுவதுகூடப் பரவாயில்லை. உயர்த்திய பிறகு ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. வேகம் எடுத்தபின் ஒரு குழியில் இறங்கினால் போதும், முன்சக்கரங்கள் இரண்டும் பேய் பிடித்ததுபோல உதறும். வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். கீழே எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் பழைய உயரத்துக்கே இறக்குங்கள் என்று அவளும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள். கணவன் தலையாட்டுவான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: ஆட்டம் நிற்காத வண்டியில் மாமாவை ஏற்ற மாட்டேன், ஜீப் இறங்கியே ஆக வேண்டும்.

அவன் மூட்டைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டினான். அதிர்வை விழுங்கிக்கொள்ளும் சிவப்புக் குழாய். ஞாயிற்றுக்கிழமை தன் ஜீப் நண்பர்கள் கூட்டத்தோடு மணலில் ஓட்டிவிட்டு வந்தவன், மறுநாள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது சாவியை அவள் கையில் திணித்தான். நீயே ஓட்டிப் பார், வெண்ணெய் மாதிரி போகும் என்றான்.

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நெடுஞ்சாலைப் பாலத்தின் இணைப்புகளில் தடதடவென்று ஏறி இறங்கியும் உதறலே இல்லை. கொஞ்சம் இடப்பக்கமாக இழுத்தது, அவ்வளவுதான்.

"இடப்பக்கம் இழுக்குதுங்க."

"டேம்பர் புதுசு, போகப் போகச் சரியாயிடும். உனக்கு எதையாவது குறை சொல்லணும்."

"நானும் இடப்பக்கம்தான் சாயறேன்," என்றார் பின்சீட்டிலிருந்து மாமனார். "எனக்கும் ஒண்ணு மாட்டிவிட்டுட்டான் போல."

அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. குறை சொல்வது பழக்கமாகிவிட்டதோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இடது முன் டயர் வெடித்தது.

ஸ்டியரிங் கையைப் பிடுங்கியது. பிரேக்கைப் போடு, பிரேக்கைப் போடு என்று கணவன் அலறினான். அவள் காலும் அந்தப் பக்கம் போனது. ஆனால் இந்த ஜீப்பைப் பற்றிய பயத்தில் அவள் தேடித் தேடிப் படித்திருந்தாள். பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டியின் மூக்கு, டயர் வெடித்த பக்கமே திரும்பிவிடும். வெடுக்கென்று திருப்பினால் இவ்வளவு உயரமான வண்டி கவிழ்ந்துவிடும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராகவே வைத்துக்கொண்டாள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல மெல்ல விட்டாள். கிழிந்த ரப்பர் வண்டியின் அடிவயிற்றில் அறைந்துகொண்டே வந்தது. வேகம் தானாகச் செத்த பிறகுதான் ஓரம் கட்டினாள்.

பிறகு மாமனார் ஸ்டூலைக் கேட்டார்.

அவரை இறக்கிவிட்டு, அவள் மற்ற மூன்று டயர்களையும் உதைத்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தன.

"மணல்ல புதையாம ஓட்டறதுக்கு டயர்ல காத்தை இறக்கினீங்களே, திரும்ப அடிச்சீங்களா?"

"அடிச்சேனே."

"நாலுலயுமா?"

அவன் வானத்தைப் பார்த்தான். மூன்று டயர் முடிந்ததும் நண்பன் பம்பை வாங்கிக்கொண்டு போனானாம். வழியில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். டேம்பர் வேலை செய்த சந்தோஷத்தில் மறந்தே போனானாம்.

"ஆனா பாத்தியா," என்றான், முகம் தெளிந்து, "ஸ்டியரிங் கொஞ்சம்கூட ஆடல."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அது உதறியிருந்தா நான் பாலத்துக்கு முன்னாடியே நிறுத்திப் பாத்திருப்பேன். சொல்ல வந்த வண்டியோட வாயைப் பொத்திட்டு, சத்தமே இல்லைன்னு சந்தோஷப்படறீங்க."

ஸ்டெப்னி ஜீப்போடு வந்த பழைய அளவு டயர். பெரியது பின்கதவில் பொருந்தாததால் அதையே விட்டுவைத்திருந்தான். மாட்டி முடித்தபோது ஜீப் ஒரு முட்டியைப் போட்டு உட்கார்ந்ததுபோல இடப்பக்கம் சாய்ந்து நின்றது. மெதுவாகப் போனால் மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்றான். அவள் ஏற்கெனவே வாடகைக் காருக்குச் சொல்லியிருந்தாள்.

"ஒரு மூலை பழைய உயரத்துக்கு வந்திடுச்சு," என்றாள். "இப்படியே மெக்கானிக்கிட்ட உருட்டிட்டுப் போய் மிச்ச மூணையும் இறக்கிட்டு வீட்டுக்கு வாங்க."

இந்த முறை அவன் தலையாட்டவில்லை. சரி என்று வாயால் சொன்னான்.

மாமனார் காரின் இருக்கையில் அலுங்காமல் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். ஸ்டூலை ஜன்னல் வழியாக மகனிடம் நீட்டினார்.

"வச்சுக்கடா. மெக்கானிக் கடைல உக்கார வேணுமே."