இரண்டு சைரன்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி

மீன் பதப்படுத்தும் கூடத்தில் அம்மோனியா கசிந்தபோது மணி பகல் பதினொன்று. இரண்டு சைரன்களும் அலறின. எல்லாரும் அடித்துப் பிடித்து வெளியே ஓடிவந்தார்கள். வாசலில் சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்று. ஓர் ஆள் குறைந்தது.

"உன் வீட்டுக்காரி எங்கப்பா?" என்றார் எலெக்ட்ரீஷியனைப் பார்த்து.

எலெக்ட்ரீஷியன் கூட்டத்துக்குள் முகம் முகமாகத் தேடினார். அவர் மனைவி கூடத்தின் நடுவில், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால், தனியாக உட்கார்ந்து பை ஒட்டுகிறவள். சுவரைப் பார்த்த நாற்காலி. முதுகுக்குப் பின்னால் ஊரே ஓடினாலும் அவளுக்குத் தெரியாது. போனை உள்ளே கொண்டுபோகவும் அனுமதியில்லை.

"ரெண்டு சைரன் கத்துதே, காதுல விழாமலா இருக்கும்? கை வேலைய முடிச்சிட்டு வருவா" என்றார் சூப்பர்வைசர்.

இருந்ததே இரண்டு முகமூடி. அதை மாட்டியவர்கள் கூடத்தின் கோடியில் வால்வை மூடப் போயிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் வெறும் முகத்தோடு உள்ளே பாயப் பார்த்தார். நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் நேற்றைய பேச்சு நெஞ்சில் குத்தியது. ஒரு சைரன் போதவில்லை என்று எல்லாரும் முணுமுணுத்ததால், எதிர்ச் சுவரில் இன்னொன்றை மாட்டி, ஒரே மின்பெட்டியிலிருந்து இரண்டுக்கும் ஒயர் இழுத்த மகராசன் அவர்தான். சோதனை முடிந்ததும் அவள் சொன்னாள்: "ஏங்க, என் நாற்காலில உட்கார்ந்தா சத்தம் அமுங்கிப் போகுது. ரெண்டடி தள்ளி நின்னா காது கிழியுது."

"நான் கூப்பிட்டாலே உனக்குக் கேக்காது, சைரன் மட்டும் கேட்டுடுமாக்கும்" என்று சிரித்தாரே, பெரிய மேதாவி!

ஒரே சுருதியில் இரண்டு பக்கமிருந்தும் வருகிற ஒலி அலைகள். இரும்புச் சுவர்களில் பட்டுத் திரும்புகிறவையும் அவற்றோடு சேர்த்தி. சில இடங்களில் ஒன்றுக்கொன்று கைகொடுத்து இரட்டிப்பாகும். சில இடங்களில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். அவள் நாற்காலி அப்படியோர் இடத்தில் கிடக்கிறது. மிச்சம் மீதி சத்தத்தை ஒட்டும் மெஷின் விழுங்கிவிடும்.

"விடுங்கடா!" கையை உதறிக்கொண்டு வாசலோர மின்பெட்டியைத் திறந்தார். "சார், ஒரு சைரன நிறுத்தணும்."

"பைத்தியமா உனக்கு? ஆள் உள்ள இருக்கறப்ப சைரன நிறுத்துறேங்கற. கை வச்ச, வேலை போயிடும்."

"போகட்டும். ரெண்டும் கத்துறதாலதான் அவளுக்குக் கேக்கல."

புது சைரனின் ஒயரை வெட்டினார். சத்தம் சட்டென்று இறங்கியது. "பாவி, என்ன காரியம் பண்ணின" என்று யாரோ முனகினார்கள். தன் கணக்கு தப்பாயிருந்தால் அவளைக் கொன்றவன் தானே என்று அவருக்குத் தெரியும். கதவையே பார்த்தபடி எண்ணினார். பத்து. பதினைந்து. இருபது. யாரும் வரவில்லை.

இருபத்தாறில் பிளாஸ்டிக் திரை விலகியது. கைத்துண்டால் மூக்கைப் பொத்தியபடி, இருமிக்கொண்டே அவள் ஓடிவந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"எல்லாரும் எப்ப வெளிய வந்தீங்க? எல்லாரும் வந்த பிறகா சைரன் போடுறது?"

எலெக்ட்ரீஷியன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்தே சொன்ன. நான் சிரிச்சேன்" என்றார். அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.