பத்தொன்பது மாதம்

பள்ளிக்கூடத்தில் நாமினல் ரோல் எடுக்கிறார்கள் என்று மகள் சொன்ன அன்றைக்கு மோகனா சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினாள்.

மகள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். "சனிக்கிழம பத்து மணிக்கு நீ வரணும்மா. பப்ளிக் எக்ஸாமுக்கு எங்க பேரு, பொறந்த தேதி எல்லாம் அனுப்புறாங்களாம். சரியா இருக்குதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடணுமாம். அப்புறம் மாத்தவே முடியாதாம். மார்க் ஷீட்ல அச்சாயிட்டா அவ்ளோதானாம்."

அவ்ளோதான். அந்தச் சொல் மோகனாவை விடவில்லை.

பத்தாவது வரும், இப்படி ஒரு தாளும் வரும் என்று அவளுக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். பழகிய பயம் குறைந்துபோகும் என்று சொல்கிறவர்கள் பயந்தே பார்க்காதவர்கள். மோகனாவின் பயம் பிள்ளையோடு சேர்ந்து அதே சோற்றைத் தின்று வளர்ந்திருந்தது.

புருஷன் பாண்டியன் தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "போய்ப் போட்டுட்டு வா. இத்தினி வருசம் ஓடல? இன்னும் ஒரு கையெழுத்துதான. சும்மா பேஜார் பண்ணிக்காத."

பயப்படுகிற வேலையை மட்டும் பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற ஆண்களில் அவனும் ஒருவன். கெட்டவன் இல்லை. அவனிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஜீவா என்று எழுதியிருக்கிற அந்தப் பெண்ணின் பெயர் ஜீவா இல்லை. அங்கே இருக்கிற பிறந்த தேதியும் அவளுடையதில்லை. இரண்டும் அவள் அக்காவுடையவை. அக்கா ஜீவா இரண்டரை வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சின்னவள் பத்து மாதக் கைக்குழந்தை. முதல் வருடம் முடிந்ததும் கோயிலில் மொட்டையடித்துப் பெயர் வைக்கலாம் என்று இருந்தார்கள். பெரியவள் போன பிறகு யாருக்கும் மொட்டையும் தோன்றவில்லை, பெயரும் தோன்றவில்லை. பேபி, பேபி என்று கூப்பிட்டதே நிலைத்துவிட்டது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது. பெரியவள் இறந்ததையும் எங்கும் போய்ப் பதியவில்லை. ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. மோகனா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தையல் லைனில் வேலைக்குப் போனாள். பேபியைப் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா பார்த்துக்கொண்டாள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாளெல்லாம் பீடி சுற்றுகிறவள் அவள். எத்தனை நேரம்தான் கண்ணை எடுக்காமல் பார்ப்பாள்? ஒருநாள் குழந்தை நடந்து நடந்து பைபாஸ் ரோட்டுக்கே போய்விட்டது. ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு, இறங்கி, இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்துக் கொண்டுவந்து விட்டார். அஜீஸுன்னிசா அழுதபடியே சொல்லி முடித்தபோது மோகனா பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இதையும் வாரிக்கொடுத்துவிடுவோம் என்று நினைத்தாள். மறுநாள் அவள் கண்ணில் பட்டது ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர். கேட்டும் இருந்தது, கேட்டுக்குப் பூட்டும் இருந்தது.

"அஞ்சு வயசு ஆவணும்மா. பொறந்த சர்டிபிகேட் எடுத்துகினு வா" என்றார் ஹெட்மாஸ்டர்.

பெட்டியைத் திறந்தாள். இரண்டு தாள் இருந்தன. மூன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நடுவில் பத்தொன்பது மாதம். பிள்ளையைச் சுவருக்குள் வைத்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்தப் பிறகு வரவேயில்லை.

ஒரு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "உங்க பொண்ணுக்குக் காது சரியா கேக்குதா? வேலூர் போய்க் காட்டுங்க. எத்தினி தடவ ஜீவா ஜீவான்னு கூப்பிட்டாலும் திரும்பியே பார்க்க மாட்டேங்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமையை மோகனா இன்றுவரை மறக்கவில்லை. பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "ஜீவான்னா யாரு?" என்று கேட்டாள். "தெரில" என்றது குழந்தை. "நீதான். சொல்லு. ஜீவான்னா யாரு?" மறுபடியும் "தெரில." மூன்றாவது தடவை கன்னத்தில் ஒன்று வைத்தாள். சாயங்காலத்துக்குள் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. ஜீவா என்றால் நான் என்று விக்கி விக்கிச் சொன்னது. செத்துப்போன பிள்ளையின் பெயரை உயிரோடு இருக்கிற பிள்ளையின் மேல் அடித்து ஏற்றிவிட்டோமே என்று மோகனா அன்று ராத்திரி தூங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயால் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் முடிகிறவரை வேலைக்கும் போகமாட்டாள்.

மூன்றாம் வகுப்பில் நர்ஸ் வந்து பிள்ளைகளை எடை போட்டார். அட்டையில் சிவப்பு மையால் சுழித்து, "வயசுக்கு ஏத்த ஒயரமும் இல்ல, வெயிட்டும் கம்மி. இன்னாதான் சோறு போடுறீங்க?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டார். அவள் வயதுக்குச் சரியாகத்தான் வளர்கிறாள் என்று சொல்ல முடியுமா? மோகனா தலையைக் குனிந்துகொண்டு அட்டையை வாங்கிவந்தாள். தினம் ஒரு முட்டையைப் பிள்ளையின் வாயில் திணித்தாள். முட்டை தின்றால் பத்தொன்பது மாதம் கூடிவிடும் என்பதைப் போல.

ஐந்தாவதில் வகுத்தல் கணக்கு வரவில்லை. "கொஞ்சம் மந்தம்தான்" என்றார்கள். மந்தம் இல்லை ஐயா, அது மூன்றாவது படிக்க வேண்டிய பிள்ளை என்று மோகனாவின் நெஞ்சு கத்தியது. ஆறாவதில் ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனபோது, மேலே இருக்கிற கம்பி எட்டாமல் யார் முந்தானையையாவது பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாவதில் கூடப் படித்த பெண்களெல்லாம் வயதுக்கு வந்துவிட்டார்கள். பாண்டியனின் அக்கா எல்லம்மா வரும்போதெல்லாம், "இன்னும் ஒண்ணும் இல்லியா? டாக்டராண்ட காட்டினியா இல்லியா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். ஊரில் ஒவ்வொரு தாயும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போனால் சந்தோஷப்படுவாள். மோகனா மட்டும் ஒவ்வொரு ஜூனிலும் பயந்தாள். ஓடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் நடக்கிற பிள்ளையைத் தள்ளிவிட்டவள் அவள்தானே.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், பொய்த் தாள் கொடுத்ததற்குக் கேஸ் போடுவார்கள், பத்து வருடப் படிப்பும் போகும். கையெழுத்துப் போட்டால் இந்தப் பெண் சாகிறவரைக்கும் அக்காவின் பெயரிலேயே இருப்பாள். கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான், நாளைக்கு அவள் பிள்ளைகளின் சான்றிதழில் தாயின் பெயரும் அதுதான். ஆம்பூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். போட்டுவிடுவது. புருஷன் சொன்னதுதான் சரி.

வகுப்பறையில் வகுப்பு டீச்சர் ஹெலன் மிஸ் நீளமான தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். மோகனாவின் முறை வந்தது. மகள் பக்கத்தில் நின்றாள்.

"பி. ஜீவா. பன்னெண்டு, மூணு, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. சரியாம்மா?"

"சரிங்க மிஸ்." வாய் முந்திக்கொண்டது.

பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். மறுபடியும் மூடினாள்.

"வீட்டுக்கு ஒரே பொண்ணா?" என்று மிஸ் பேச்சுவாக்கில் கேட்டார். மோகனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் சட்டென்று பதில் சொன்னாள். "ஒரே பொண்ணு மிஸ்."

அதற்குள் பின்னால் நின்றிருந்த அஹமது பாஷா தன் மகளின் இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று முன்னால் வந்தார். மிஸ் அவர் பக்கம் திரும்பினார். மகள் குனிந்து மோகனாவின் காதருகே சொன்னாள்.

"ஏம்மா இப்பிடி பயப்படுற? தங்கச்சியப் பத்தி கேட்ருவாங்கன்னா? நான் சொல்ல மாட்டேம்மா."

"எந்தத் தங்கச்சி?"

"எனக்குத் தெரியும்மா. ஏழாவதுல கம்யூனிட்டி சர்டிபிகேட் தேடறப்போ பெட்டியில பார்த்தேன். பேரே இல்லாத சர்டிபிகேட்டு. பெண் குழந்தைன்னு போட்டிருந்துச்சு. அக்டோபர் பத்தொம்போது, எனக்கு அடுத்த வருசம். பேர் வைக்கறதுக்குள்ளயே செத்துட்டாளா?" அவள் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்குத்தான வருசா வருசம் பிரியாணி வாங்கியாந்து எனக்கு ஊட்டிட்டு நீ அழுவுற. நானும் அவள நெனச்சிதான் துன்றேன். அவளுக்காகச் சாமி கும்புட்டுதான் கை வைக்கிறேன்."

மோகனா பெண்ணைப் பார்த்தாள். வெளியே சொல்ல முடியாத பிறந்தநாளுக்கு வருடத்தில் ஒருநாள், எதற்கென்று சொல்லாமல் ஊட்டிய சோறு அது. மூன்று வருடமாக இந்தப் பெண் அதைக் கருமாதிச் சோறாகத் தின்றிருக்கிறாள். தன்னையே செத்தவளாக நினைத்துத் தனக்காகவே சாமி கும்பிட்டிருக்கிறாள். இத்தனை நாளும் தாளுக்குப் பயந்தது, பரீட்சைக்குப் பயந்தது, போலீஸுக்குப் பயந்தது எல்லாம் ஒரு பயமே இல்லை. இப்போது வந்ததுதான் பயம். இந்தக் கையெழுத்தைப் போட்டால் உயிரோடு இருக்கிறவளைத் தன் கையாலேயே புதைத்ததாகிவிடும்.

பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"மிஸ், இது தப்பு."

"எதும்மா? தேதியா?"

"எல்லாந்தான். ஜீவா செத்துப் பன்னெண்டு வருசம் ஆவுது. இது அவ தங்கச்சி."

அஹமது பாஷா பேச்சை நிறுத்தினார். ஹெலன் மிஸ் மோகனாவைப் பார்க்காமல் பெண்ணைத்தான் பார்த்தார். அவள் அம்மாவிடமிருந்து ஒரு அடி விலகி நின்றிருந்தாள்.

"அப்ப அந்த சர்டிபிகேட்டு?" என்று அவள் கேட்டாள்.

"உன்துடி. நீதான்டி அது."

பெண் ஜன்னலோரம் போய் நின்றாள்.

மிஸ் மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மோகனாவை உட்கார வைத்தார். முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. "இப்ப வந்து சொல்றியேம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாரு, இத ஹெச்.எம். கிட்ட கொண்டுபோனா அப்புறம் மேல ஆபீஸ் வரைக்கும் போவும். கோர்ட்டுன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. இந்த வருசம் இவ பரீட்ச எழுத முடியுமான்னு எனக்கே தெரியல. நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா யாரும் கேக்கப் போறதில்ல. நல்லா யோசிச்சிச் சொல்லு."

மோகனா மகளைப் பார்த்தாள். ராத்திரி பகல் பாராமல் படித்த பெண். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"மாத்திருங்க மிஸ்" என்றாள் மோகனா. "இன்னா ஆனாலும் பரவால்ல. மாத்திருங்க."

மிஸ் ஒரு பெருமூச்சு விட்டார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தேதி போட்டார். பெறுநர் எழுதினார். பொருள் எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "சரி. இந்தப் பொண்ணு பேரு இன்னா?"

மோகனா வாயைத் திறந்தாள். பதின்மூன்று வருடமாகச் சோறு போட்டு, தலை வாரி, காய்ச்சலுக்குக் கண் விழித்து வளர்த்த பிள்ளை. அவளுக்கு என்ன பெயர்? பேபி என்று எந்தத் தாளில் எழுதுவது? மிஸ்ஸின் பேனா காத்துக்கொண்டிருந்தது.

"சோபனா, மிஸ்."

ஜன்னல் பக்கத்திலிருந்துதான் குரல் வந்தது. மிஸ் எழுதினார்.

"இது ஏதுடி பேரு?" என்றாள் மோகனா, மெதுவாக.

பெண் திரும்பவில்லை. "தங்கச்சிக்குன்னு நான் வச்சது."