சாட்சி சொன்ன ஒப்பாரி

அந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டதும் வெங்கட்ரமணனுக்கு உச்சந்தலை கொதித்தது. சாட்சிகளின் தமிழை வெள்ளைக்கார ஜட்ஜுக்கு இங்கிலீஷில் சொல்வது மதுரைக் கோர்ட்டில் அவர் உத்தியோகம்.

கூண்டில் நின்றவள் மலையம்மாள். வாடுகிற நாற்றுக்காக மிராசுதாரின் மடையைத் திறந்துவிட்டான் அவள் புருஷன் கருப்பு. அதற்காக மிராசுதாரும் ஆட்களும் அவனைப் புளியமரத்தில் கட்டி அடித்தே கொன்றார்கள். பாம்பு கடித்தது என்று மிராசுதார் சாதித்தார். ஊரே பார்த்தது, சாட்சி சொல்ல வந்தவள் இவள் ஒருத்திதான்.

என்ன கண்டாய் என்று கேட்டதற்கு, பிணத்தின் முன்னால் சொன்னதையே ராகத்தோடு சொன்னாள்.

"பொழுது கெளம்பையில புளியமரத்துல கட்டுனாக,
தண்ணி கேட்டதுக்குத் தடிக்கம்பு தந்தாக,
அடிச்ச கையில சந்தனம் மணக்குதே!"

அவள் ஊரில் ஒப்பாரியில் பொய் கலக்க மாட்டார்கள். ஒப்பாரி வைக்கிறவளை வாயை மூடு என்று எந்தக் கொம்பனும் சொல்ல மாட்டான்.

வெங்கட்ரமணன் வரி விடாமல் மொழிபெயர்த்தார். மிராசுதாரின் வக்கீல் பிச்சுமணிக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "எலிஜையக், யுவர் ஆனர்! சாட்சியமே இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். ஜட்ஜும் சிரித்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

எலிஜையக் என்பது செத்தவருக்காக உருகும் கவிதையைக் குறிக்கும் சொல். காலேஜில் அப்படிப்பட்ட கவிதையைப் படித்துக் கண் கலங்கியவர் வெங்கட்ரமணன். துரைமார் கல்லறையில் பாடினால் அந்தச் சொல் மாலை. இவள் பாடினால் செருப்படியா? படுபாவிகள்!

"என்ன சாமி சொல்றாக?" என்றாள் மலையம்மாள்.

"செத்தவாளுக்குப் பாடற பாட்டாம். சாட்சி இல்லையாம்."

"செத்தவுகளுக்குத்தான் பாடுனேன். கொன்னவுகளுக்கா பாடுவாக?"

அதையும் உரக்க மொழிபெயர்த்தார். யாரும் எழுதவில்லை. அன்று மாலையே மிராசுதாருக்கு விடுதலை.

வாசலில் அவருக்கு மாலை விழும்போது மலையம்மாள் தலையை விரித்துப்போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். இந்தத் தடவை மிராசுதார் பெயரும் வக்கீல் பெயரும் அதில் வந்தன. சந்தைக்குப் போன ஜனமெல்லாம் நின்றது.

"கான்ஸ்டபிள், இவளை இழுத்துண்டு போ! அபாண்டம் பேசறா!" என்று பிச்சுமணி கத்தினார்.

வெங்கட்ரமணன் குறுக்கே போய் நின்றார். வேலை போனாலும் போகட்டும்.

"என்ன அபாண்டம் ஓய்? இது வெறும் பாட்டுன்னு கோர்ட்டே எழுதியாச்சு. சொன்னவர் நீர்தானே! பாடட்டும்!"

கான்ஸ்டபிள் லத்தியை இறக்கினான். கூடைக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, மலையம்மாளின் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மிராசுதாரின் பெயரைச் சொல்லி அவளும் அழ ஆரம்பித்தாள்.