தரை காயும்வரை

ஆரின் வீட்டுக்கு வந்து சாக வேண்டும் என்றான். அவன் கேட்டது அது ஒன்றுதான். நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்த அன்று, மனைவி மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டான். “இந்த ஆஸ்பத்திரிக் கூரையப் பாத்துக்கிட்டே போயிட மாட்டேன் மார்லிஸ். என்னைக் கூட்டிட்டுப் போயிடு.” வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம் என்றார்கள்.

எங்கள் வடக்கு மின்னசோட்டாவில் முன்கதவு பாதிரியாருக்கும் போலீஸுக்கும்தான். மனிதர்கள் கேரேஜ் வழியாகத்தான் அடுக்களைக்கு வருவார்கள். மார்லிஸ் வீட்டு முன்புறத்தில் செங்குத்தான படிகள் வேறு. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் கேரேஜுக்குள் இருந்தது. ஆனால் அந்தத் தரையைத் தரை என்று சொல்ல வாய் கூசும். குளிர்காலந்தோறும் டயரில் ஒட்டி வந்த சாலை உப்பு அரித்துச் சொறி பிடித்திருந்தது. நடுவில் டிரக் ஒழுக்கிய எண்ணெய், கால் வைத்தால் வழுக்கும். “இந்தக் கோடையில தரைக்கு சீலர் பூச்சு அடிச்சிடறேன்” என்று ஆரின் ஒவ்வொரு கோடையிலும் சொன்னான். சொல்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது மார்லிஸே இறங்கினாள். கறையின் மேல் பூனை மலங்கழிக்கப் போடும் மணலைக் கொட்டி எண்ணெயை உறிஞ்ச வைத்தாள். சோப்புக் கரைசலை ஊற்றி முரட்டு பிரஷ்ஷால் இடுப்பு ஒடியத் தேய்த்தாள். ஆசிட் ஊற்றி, அது பொங்கி அடங்கியதும் கழுவி, விசிறியை ஓடவிட்டு இரண்டு நாள் காயவைத்தாள். தேய்க்கத் தொடங்கிய அன்றே எதிர்வீட்டு வெர்ன் வந்து எட்டிப் பார்த்தான்.

“நான் கொஞ்சம் தேய்க்கட்டுமா மார்லிஸ்?”

“ஐயோ, வேண்டாம். முடியப் போகுது.”

முடியப் போகவில்லை, அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் “சரி, அப்போ” என்று போய்விட்டான். எங்கள் ஜனங்கள் பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பார்கள், உதவி கேட்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

புதன்கிழமை மதியம், சீலர் ஒரு பூச்சு முடிந்து இரண்டாவது பூச்சு பாதியில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நர்ஸ் பேசினாள்.

“இன்னிக்கு அவர் தெம்பா இருக்காரு. வண்டியும் ஒண்ணு கிடைச்சிருக்கு. இப்பவே அனுப்பிடட்டுமா?”

மார்லிஸ் ரோலரும் கையுமாக நின்றாள். சமையலறைக் கதவிலிருந்து பாதித் தரை ஈரமாகப் பளபளத்தது. முன்படி வழியாகத் தூக்க வேண்டுமென்றால் ஆட்களைக் கூப்பிட வேண்டும். பீட் கிழங்கு அறுவடை நேரம். ஊரே வயலில் கிடந்தது. வெர்னுக்கு முதுகுவலி. யாரைப் போய்த் தொந்தரவு செய்வது?

“அவர்கிட்டக் குடுங்க” என்றாள்.

“என்ன கிழவி, ரெண்டாவது பூச்சா?” ஆரினின் குரலில் மூச்சு பாதி, பேச்சு பாதி.

“ஆமா கிழவா. பாதியில நிக்குது. இப்பவே வர்றியா?”

“பாதியில விடாத, கோடு விழுந்துடும். ஈரத்துல சக்கரம் ஏறினா அவ்வளவு உழைப்பும் பாழ்.”

“பாழாப் போனாப் போகுது…”

“சேச்சே. நான் எங்க ஓடிடப் போறேன்? வெள்ளிக்கிழமை வரேன்.”

வா என்று அவள் ஒரு முறை அதட்டியிருந்தால் வந்திருப்பான். வருகிறேன் என்று அவன் ஒரு முறை அடம்பிடித்திருந்தால் அவளே படியில் சுமந்திருப்பாள். ஒருவருக்கொருவர் சிரமம் கொடுக்காமலே வாழ்ந்து பழகியவர்கள், அன்றும் கொடுக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு மீதித் தரையைப் பூசி முடித்தாள்.

வியாழன் விடியற்காலையில் ஆரின் இறந்துபோனான், அந்தக் கூரைக்குக் கீழேயே.

பாத்திரங்களில் சாப்பாட்டோடு ஜனங்கள் வந்தார்கள். கேரேஜ் வாசலில் ஷூவைக் கழற்றினார்கள். “தரை ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார்கள். வேறென்ன சொல்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. புதன்கிழமை வந்த போனைப் பற்றி மார்லிஸ் வெர்னிடம் மட்டும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

“எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே! என் பசங்களோட நாலு பேர் சேந்தா நாற்காலியோட தூக்கிட்டு வந்திருப்போமே.”

“உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு…”

வெர்ன் அழுதுவிடக் கூடாதென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை சர்ச்சில் சவப்பெட்டியைத் தூக்க வெர்னும் பையன்களும் அறுவடையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. தாங்களாகவே வந்து நின்றார்கள். சர்ச் வாசலில் நிறையப் படிகள். மார்லிஸ் பின்னால் நின்று பார்த்தாள். ஆரினைச் சுமந்துகொண்டு, பேச்சில்லாமல், ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கினார்கள். கீழே போய்ச் சேர்ந்தபோது ஒருவருக்கும் மூச்சுகூட வாங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.