தண்ணீர் சிந்தாத மெஷின்

கடைக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் திணித்தார். பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"கடையில தண்ணி தர மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"குடிக்கிறதுக்கு இல்ல."

அவ்வளவுதான். அவரிடம் ஒரு கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தாலே அன்றைக்கு நல்ல நாள். நான் அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். இப்போது அது என் வேலை. பொத்தான் எது, ஓட்டை எது என்று அவர் விரல்களுக்குத் தெரிவதில்லை.

ரோடு உடைக்கிற மெஷின் பிடித்த விரல்கள் அவை. பிரேக்கர் என்பார்கள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தால் தாரையும் கான்கிரீட்டையும் குத்திக் குத்திப் பெயர்க்கும். குத்துகிற குத்தில் பாதி கீழே போகும். மீதிப் பாதி பிடித்தவன் உடம்புக்குள் வரும். அந்தப் பாதியை வருஷக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டார். முதலில் குளிர்ந்த காலையில் விரல் நுனிகள் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெளுத்தன. அப்புறம் மரத்துப் போயின. அப்புறம் கையில் எதுவும் நிற்கவில்லை. டாக்டர் நகத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நடுங்குற மெஷின் எதையும் இனிமே தொடாதீங்க. தொட்டா மிச்சம் இருக்கிறதும் போயிடும்" என்றார்.

வீட்டில் உட்கார்ந்தார். உட்காரத் தெரியாதவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கூட இருக்கிறவளைக் கேட்க வேண்டும். அடுப்படி டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கினார். ஒரு வாரம் உப்பைத் தேடினேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் மகள் துணி தைக்கிறாள். தரையில் விரித்துக் குனிந்து வெட்டி வெட்டி அவள் இடுப்பு போய்க்கொண்டிருந்தது. கடையில் கிடைக்கிற மேஜையெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குச் செய்தது. நின்றுகொண்டு வெட்டுகிறவளுக்கு உயரம் வேண்டும், துணி முழுசாக விரிகிற அகலம் வேண்டும். ஒருநாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு இவர் சொன்னார்: "அப்பா செஞ்சு தரேன்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன்.

அவருக்கு மரவேலை தெரியும். பிரேக்கர் பிடிக்கப் போவதற்கு முன்னால் கட்டடங்களில் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடித்தவர். மரத்தின் மேல் எங்களுக்குச் சந்தேகம் இல்லை, கையின் மேல்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும் கிடந்த பின்பக்க அறையை அவரே ஒழித்துக் கூட்டினார். கூட்டி முடித்து, "இதுவும் முடியலேன்னா சைக்கிளைத் திரும்ப உள்ளேயே போட்டுடு. நான் இனிமே எதையும் தொட மாட்டேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்தேன்.

என் தம்பி லோடு வண்டி ஓட்டுகிறவன். அன்றைக்குக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு இறங்கினான்.

"மாமா, எதுக்குக் கடை கடையா அலையணும்? சுத்தியல், ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள்ள. பாதி விலைதான்."

இவர் அதிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கதவுக் கீலில் இறுகிக் கிடந்த ஸ்க்ரூவைக் காட்டி, "கழட்டு" என்றார். தம்பி மூச்சைப் பிடித்துத் திருகினான். ஸ்க்ரூ அசையவில்லை. டிரைவர் நுனி மடங்கிக்கொண்டது.

"என்னடா, வெண்ணெயில செஞ்சிருக்கானா?" என்றேன்.

"உன் கதவுதான்க்கா கோளாறு" என்றான். பெட்டியை வண்டி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

மரவேலைச் சாமான் விற்கிற அந்தக் கடையை நடத்துவது ஒரு பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். கடைக்கு வெளியே இரண்டு முக்காலி போட்டு, மேலே ஒரு பலகை. வாங்குகிறவர்கள் மெஷினை ஓட்டிப் பார்க்க அதை வைத்திருந்தார். இவர் முதலில் கைச்சாமான்களைக் கேட்டார். மூலைமட்டம் ஒன்றை எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்து, பென்சிலை முஷ்டியில் பிடித்து ஒரு கோடு இழுத்தார். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் மூலை நேர். இங்கே மேலே போகப் போக விரிந்தன.

"வேற குடுங்க."

"எல்லாம் ஒரே கம்பெனிதான்ண்ணே" என்றார் கடைக்காரம்மா.

"இவளும் இவனும் ஒரே வயித்துல பொறந்ததுதான். ஒண்ணு போலவா இருக்காங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். எங்களில் யார் கோணல் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவது மட்டத்தில் கோடுகள் ஒன்றாக விழுந்தன. அதைத் தனியே வைத்தார். ரம்பத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடி முதுகு வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். உளியின் தட்டைப் பக்கத்தைக் கடையின் கண்ணாடி மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்தார். கையில் உணர்ச்சி இல்லாதவருக்குக் கண் இரண்டு மடங்கு வேலை செய்தது. கைப்பிடி பெரிதாக இருந்த சாமான்களை மட்டும் எடுத்தார். உள்ளங்கை நிறையப் பிடித்தால் அவரால் பிடிக்க முடியும். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பிறகு மெஷின். மேஜைப் பலகையைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு சாண்டிங் மெஷின், ஓட்டை போட ஒரு டிரில். பிடி பெரிதாகப் பார்த்து ஒரு டிரில்லை எடுத்து வைத்துவிட்டார். அப்போதுதான் டம்ளரை வெளியே எடுத்தார்.

"தண்ணி வேணும்னா குழாய் அந்தப் பக்கம்" என்றார் கடைக்காரம்மா.

இவர் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து பலகையின் ஒரு ஓரத்தில் வைத்தார். என்னிடம் சாண்டிங் மெஷினைக் கொடுத்து, "அந்தக் கோடியில அமுக்கி ஓட்டு" என்றார். ரோடு வேலையில், பிரேக்கருக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரசர் மேலே டீ டம்ளர் வைப்பார்களாம். டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றால் அன்றைக்கு வேலை பார்க்கலாம். நகர ஆரம்பித்தால் ஏதோ லூஸ். அந்தக் கணக்கை இங்கே கொண்டு வந்திருந்தார்.

முதல் மெஷினை ஓட்டினேன். தண்ணீர் மழை விழுந்த குட்டை மாதிரி துள்ளியது. டம்ளர் நடந்து ஓரத்துக்குப் போய்விட்டது. தம்பி பாய்ந்து பிடித்தான், சட்டை நனைந்தது.

"மாமா, இது துணி துவைக்கிற மெஷினா?"

இரண்டாவது பரவாயில்லை. வட்ட வட்டமாக அலை வந்தது. கடைக்காரம்மா இப்போது வேறு வாடிக்கையாளரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கி, "இதைப் பாருங்க. விலையைப் பார்த்துட்டு யாரும் கேக்குறதே இல்ல" என்றார். ஓட்டினேன். தண்ணீரின் நடுவில் ஒரு சின்ன சிலிர்ப்பு, அவ்வளவுதான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் தடுக்க நினைப்பதற்குள் மெஷினை வாங்கிக்கொண்டார்.

மரத்துப் போன கைக்கு எவ்வளவு பிடித்தால் போதும் என்று தெரியாது. பிரேக்கரைப் பிடித்த பிடிதான் தெரியும். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அதை நெரித்தார். மெஷின் அடக்கமாகத்தான் ஓடியது. ஆனால் அந்த அடக்கமான நடுக்கம் முழுவதும் அவர் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, நகங்களைப் பார்த்தேன். சிவப்பு மங்கியது. நடுவிரல் முதலில் வெளுத்தது, பிறகு பக்கத்து விரல்.

அவரும் பார்த்துவிட்டார். கட்டைவிரலுக்கு சுவிட்ச் அகப்படவில்லை. இடது மணிக்கட்டால் தள்ளி நிறுத்தினார். மெஷினை மெதுவாக, அதற்கு வலிக்கும் என்பது போல, பலகையில் வைத்தார்.

"நல்ல மெஷின்" என்றார் கடைக்காரம்மாவிடம். "வா, போலாம்."

டம்ளரை வாசலில் கவிழ்த்துப் பைக்குள் வைத்தார். சட்டையில் ஈரம் வட்டமாகப் படர்ந்தது. தம்பிக்குக்கூடக் கிண்டல் வரவில்லை. சைக்கிள் திரும்ப அந்த அறைக்குள் போவது என் கண் முன்னால் வந்துவிட்டது.

நானும் கட்டட வேலைக்காரிதான். கலவைச் சட்டி சுமந்து படி ஏறிய உடம்பு. ஆனால் எந்த சைட்டிலும் ஒரு மெஷினைத் தொட்டதில்லை. மெஷின் பிடித்தால் கூலி அதிகம். அதனாலேயே பெண்களைத் தொட விட மாட்டார்கள். "உனக்கு அடக்கத் தெரியாது" என்பார்கள். அது என் மண்டையில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. இவ்வளவு நேரம் ஒவ்வொரு மெஷினாக அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்பதே எனக்கு உறைக்கவில்லை. என் கையைத் திருப்பிப் பார்த்தேன். நகம் எல்லாம் சிவப்பாக இருந்தது.

"என்னங்க, டம்ளரை எடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மெஷின் பார்க்கணும்ல. எனக்கு."

"நீ பிடிப்பியா?"

"இவ்வளவு நேரம் யாரு பிடிச்சது, உங்க மச்சினனா? மெஷினை நான் பிடிக்கிறேன். அளக்குறது, கோடு போடுறது, அறுக்குறது, செதுக்குறது நீங்க. கோணலா போனா திட்டுறதும் நீங்கதான். அது மட்டும் நல்லா வரும்."

ஆம்பளை வேலை, பொம்பளை வேலை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

"அக்கா கையில மெஷினா? மாமா, ஹெல்மெட் ஒண்ணும் சேர்த்து வாங்கிக்கங்க" என்றான் தம்பி.

"கையைக் காட்டு" என்றார் இவர்.

நீட்டினேன். கடை நடுவில், நாலு பேர் பார்க்க, அவர் உள்ளங்கையை என் உள்ளங்கை மேல் வைத்து அளந்தார். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. அளந்துவிட்டு, எடுத்து வைத்திருந்த டிரில்லைத் திருப்பிக் கொடுத்தார். "இது என் கைக்குப் பார்த்தது. பிடி தடிமன். சின்னது குடுங்க, எடை முன்பக்கம் சாயாததா."

கடைக்காரம்மா ஒன்றைத் தந்தார். இவர் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் இதைப் பொம்மைன்னு சொல்லியிருப்பேன்" என்றார். "நீ பிடி."

கையோடு கை பொருந்தியது. ஓட்டை போடுகிற கம்பியை மாட்டி ஓட்டச் சொன்னார். நுனி வட்டம் போடுகிறதா, ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நின்றது. சுவிட்சைக் கொஞ்சமாக அழுத்தச் சொன்னார். மெல்லச் சுற்றியது. முழுக்க அழுத்தச் சொன்னார். பிறகு அந்த மூன்றாவது சாண்டிங் மெஷின், மறுபடி டம்ளர். அரைப்பலகை தேய்க்கிற நேரம் ஓட்டவிட்டு என் நகத்தை அமுக்கிப் பார்த்தார். டாக்டர் அவருக்குச் செய்த அதே மாதிரி. அமுக்கியதும் வெளுத்தது, விட்டதும் சிவப்பு ஓடி வந்தது.

"இதைக் கட்டுங்க" என்றார்.

கடைக்காரம்மா கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியையும் தூசிக்கு ஒரு மாஸ்க்கையும் எடுத்து வைத்தார். "இது இல்லாம நான் மெஷின் விக்கிறதில்ல. கேக்காதீங்க." பிறகு தன் மேஜைக்குள் துழாவி, தச்சர்கள் வைத்திருக்கிற தடித்த பட்டைப் பென்சில் ஒன்றை எடுத்து இவர் பக்கம் தள்ளினார். "முஷ்டியில பிடிக்க இது தோது. சும்மா வச்சுக்கங்க. கடை வாசலைக் கழுவி விட்டதுக்குக் கூலி."

அந்தப் பெண்மணி நன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினாக இறக்கி ஓட்டவிட்டுப் பொறுமையாக நின்றார். வேறு கடையாக இருந்தால் டம்ளரைப் பார்த்ததுமே துரத்தியிருப்பார்கள்.

பின்பக்க அறையில் வேலை சண்டையோடுதான் நடந்தது. "நேரா பிடி." "நேராத்தான் பிடிச்சிருக்கேன், உங்க கழுத்தை நேராக்குங்க." நான் போட்ட முதல் ஓட்டை, அவர் போட்ட புள்ளியிலிருந்து ஒரு விரல் தள்ளி விழுந்தது. மரத்தூளைக் குழைத்து அடைத்துவிடலாம் என்றேன். அவர் அடுத்த புள்ளியைப் போட்டார். ரம்பத்தின் பெரிய பிடியை உள்ளங்கை நிறையப் பிடித்து அவர் மேஜைக் கால்களை அறுத்தார். கோட்டை விட்டு ரம்பம் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. விரல் மரத்தவர் அறுத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்க்ரூவைக் கீழே போட்டால் நான் பொறுக்கிக் கொடுத்தேன். நான் ஒரு பக்கம் தேய்த்து முடித்தால் உடனே மெஷினை நிறுத்தச் சொல்வார். கையை வாங்கி, ஒவ்வொரு நகமாக அமுக்கி, நிறம் திரும்பும் வரை பார்ப்பார்.

"சிவப்பு. சரி, அடுத்த பக்கம்."

நன்றி என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எங்கள் கூரை, மகளின் படிப்பு, என் ஆபரேஷன், எல்லாம் அந்த விரல்களிலிருந்து வந்தவை. நானும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. இரண்டு பேரும் மரத்தூளை ஊதிக்கொண்டு வேலை பார்த்தோம்.

தம்பி வண்டியில் மேஜையை ஏற்றிக்கொண்டு போய் மகள் வீட்டில் இறக்கினோம். அவள் துணியை விரித்தாள்; முழு அகலமும் விரிந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நின்றாள். முதுகு நேராக இருந்தது. ஒரு நீளம் வெட்டிவிட்டு நிமிர வேண்டியிருக்கவில்லை, நிமிர்ந்தேதான் இருந்தாள். கத்தரியை வைத்துவிட்டு மேஜை ஓரம் முழுக்கக் கையால் தடவிக்கொண்டே போனவள் ஒரு மூலையில் நின்றாள்.

"அப்பா, இங்க எதுக்கு ஒரு ஓட்டை? ஸ்க்ரூவே இல்ல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அடைத்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அது உங்கம்மா போட்ட முதல் ஓட்டை" என்றார். "அடைக்கணும்னு சொன்னா. நான்தான் விட்டுட்டேன்."

மகள் அந்த ஓட்டையில் கத்தரிக்கோலின் நுனியைச் செருகிப் பார்த்தாள். அது நின்றது. "கத்தரி வைக்க இடமாச்சு" என்றாள்.

வண்டியில் திரும்பும்போது, வேலை எதுவும் இல்லாத என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் நகங்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தார். தம்பி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.