சிட்டுவின் புள்ளி

முதலில் போனது 'ட்'டின் மேலிருந்த புள்ளி.

"அக்கா, சிட்டு பேரு அழியுது" என்று தங்கை பட்டறை வாசலில் வந்து நின்றாள். நான் நம்பவில்லை. நாலு வயதில் போய்விட்ட அவள் மகள் சிட்டுவின் கல்லறைக்கு, அந்த ரோஜா நிறக் கல்லை ஓராண்டுக்கு முன் அறுத்து, மெருகேற்றி, பெயர் வெட்டியது நான்தான். இருபது வருடமாக எனக்கு இதே வேலை.

போய்ப் பார்த்தேன். மெருகு செத்து, எழுத்துகள் பாதி மழுங்கிக் கிடந்தன.

"வாரம் தவறாம நானே கழுவறேன்க்கா. பறவை எச்சம் போகலைன்னா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பேன். அப்படிப் பார்த்துக்கிட்டும் ஏன்க்கா இப்படி?"

எலுமிச்சம்பழம் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

கல்லின் பெயர் ரோடோக்ரோசைட். பாறைப் பொந்துகளில் மாங்கனீசு கலந்த நீர் ஊறி, வரிவரியாகப் படிந்து உருவாவது. மணி, சிமிழ், மேசைப் பலகை எல்லாம் செய்வோம். கையில் வைத்திருந்தால் அன்பு பெருகும் என்று சிலர் வாங்குகிறார்கள், அன்பாவது மண்ணாங்கட்டியாவது. மென்மையான கல், புளிப்புப் பட்டால் அரித்துப்போகும், அவ்வளவுதான். விற்கும்போது 'புளிப்புப் படக்கூடாது' என்று ஒரு சீட்டு தருவோம். சொந்தத் தங்கைக்கு யார் சீட்டு கொடுப்பார்கள்? சிட்டுவின் கவுன் மாதிரியே வரி இருக்கிறது என்று அவள் அழுதாள். உடனே அறுத்துக் கொடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் என்னைத் திட்டுவாள், பரவாயில்லை. ஆனால் பெயரை அழித்தது தன் கைதான் என்பதும் தெரிந்துவிடும். அதை அவள் தாங்கமாட்டாள்.

"நான்தான் ஆழமா வெட்டல. அவசரத்துல மேலாகக் கீறி விட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அடுத்தவங்க வேலைன்னா பார்த்துப் பார்த்துச் செய்வ. என் பொண்ணு பேரு உனக்கு இளக்காரமாப் போச்சா?"

பட்டறைக்குத் திரும்பினேன்.

அங்கே ரோடோனைட் என்ற வேறொரு கல்லை எடுத்தேன். இதற்கும் ரோஜா நிறம் மாங்கனீசு கொடுத்ததுதான். ஆனால் பூமிக்குள் வெந்து இறுகிய கல், நடுவே கறுப்பு நரம்பு ஓடும். ஒரு துண்டை ஒரு வாரம் எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டேன். மெருகு அப்படியே இருந்தது. பிறகு பெயரை வெட்டினேன், புள்ளியை மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாக.

புதுக் கல்லை நட்ட அன்று அவள் என்னோடு பேசவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாதியாக நறுக்கி, பெயரின் மேல் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை.